சணல் முடியும் முத்துவெள்ளையும்

மாலையில் கடற்கரைக்கு வந்து உட்கார்ந்தால் நம் பேச்சு சர்க்கரை அளவில் தொடங்கும். பிள்ளைகளின் குறைகளைக் கொஞ்சம் தொட்டுவிட்டு, கடைசியில் சினிமாவில் வந்து நிற்கும். முதல் பேசும் படத்தை யார் எங்கே பார்த்தது என்று உங்களுக்குள் ஒரு சண்டையே நடக்கும். என் முறை வந்தால் மட்டும் நான் சுருக்கமாக முடித்துக்கொள்வேன். "எங்கப்பா கூட்டிட்டுப் போனார். நான் பயந்துட்டேன். பாதியில எழுந்து வந்துட்டோம்." நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டிலும் காலம் காலமாக இதைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள்.

நான் பயப்படவில்லை. இந்த வயதில் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகாது. ஆனால் எழுத உட்கார்ந்ததுமே முகம் சுடுகிறது. உடம்பு தளர்ந்து, காது மந்தமாகி, பாதி விஷயம் மறந்தும் போன பிறகு, இந்த வெட்கம் மட்டும் அப்படியே புத்தம் புதிதாக இருக்கிறது.

அப்போது எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. நாங்கள் உப்பளம் பக்கம் குடியிருந்தோம். அப்பா தையல்காரர். பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வெள்ளைக்காரத் தெருக்களில் இருந்த மதாம்களுக்கு கவுன் தைத்துக் கொடுப்பார். துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ப் பின்வாசலில் நிற்பார். சில நாள் நானும் கூடப் போவேன். அவருக்குப் பிரெஞ்சு தெரியும் என்று தெருவில் பேர். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அகலம், நீளம், இறுக்கம், எல்லா நிறங்களின் பெயர்கள், அப்புறம் அழுக்கு. துணியைத் திரும்ப வாங்கும்போது மதாம்கள் முதலில் தேடுவது அழுக்கைத்தான்.

எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். நான் கன்னியர் பள்ளிக்கூடத்தில் படித்தேன். எங்கள் வகுப்பில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பீரோ இருந்தது. அதைத் திறந்தாலே பாச்சை உருண்டை வாசனை அடிக்கும். ஒழுங்காக நடந்து, பாடமும் சரியாக ஒப்பித்தால் சின்னதாக ஒரு அட்டை கொடுப்பார்கள். அதற்கு 'போன் புவேன்' என்று பேர். அது கொஞ்சம் சேர்ந்துவிட்டால் சனிக்கிழமை மத்தியானம் பீரோவிலிருந்து ஒரு புத்தகம் எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கலாம். வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. எங்கள் கன்னியாஸ்திரீயை நாங்கள் 'மேர்' என்று கூப்பிடுவோம். கடலூர்ப் பக்கத்துத் தமிழ் அம்மாதான். ஆனாலும் அவர் பக்கத்தில் நின்று நான் கையைக் கழுவிக்காட்டினால்தான் புத்தகம் கிடைக்கும்.

அந்தப் பீரோவில்தான் காற்றாலைக்காரன் மகள் இருந்தாள். சிவப்புத் துணி அட்டை போட்ட நாலு புத்தகம். அவளுடைய அப்பா காற்றாலையில் மாவு அரைப்பவர். ஒரு நாள் இவள் விளையாட்டாக ஆலையின் இறக்கையைப் பிடித்துத் தொங்க, அது சுற்றிய வேகத்தில் மேலே தூக்கிக் காற்றுகளின் நாட்டில் எறிந்துவிடுகிறது. அங்கே ஒரு கழுதை. காற்று அடிக்காத நாளில் மட்டும் அது பேசும். கீழ்க்காற்றின் வீட்டில் உலகத்தில் காற்று அடித்துக்கொண்டு போன பொருள்களை எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். தொப்பி, கடிதாசி, கொடியில் காயப்போட்ட துணி. என்னுடைய பூப்போட்ட கைக்குட்டை ஒன்று கடற்கரையில் பறந்துபோயிருந்தது. அது அங்கேதான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று நான் நம்பினேன்.

மூன்றாவது புத்தகத்தில் இரவுக்காற்றின் வேலைக்காரர்கள் வருவார்கள். அவர்கள் புகையால் ஆனவர்கள், முகமே கிடையாது. அவள் தூங்கும்போது பொத்தித் தூக்கிக்கொண்டு போவார்கள். எனக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்த நாட்டில் நாளாக நாளாக அவளுடைய கனம் குறைந்துகொண்டே வந்தது. கனமில்லாதவள் கீழே இறங்க முடியாது, இனி அப்பாவிடம் போக வழியில்லை என்று காற்றுகளின் ராஜா சொல்வதோடு மூன்றாவது புத்தகம் முடிந்துவிட்டது. அவள் வீடு திரும்பினாளா இல்லையா என்பது நாலாவதில் இருந்தது. அதற்கு எனக்கு இன்னும் ஒரே ஒரு போன் புவேன் பாக்கி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புத்தகத்தில் இருந்த படங்கள் வெறும் மைக்கோடுகள். தாளின் நிறம்தான் எல்லோருக்கும். அவளுக்கு இரட்டைச் சடை, மையால் கறுப்பாகத் தீட்டியிருக்கும். எனக்கும் இரட்டைச் சடை. அவள் என்னைப் போலத்தான் இருப்பாள் என்று நான் நினைத்ததுகூட இல்லை. நினைக்க வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை.

அந்தக் கோடையில்தான் சினிமாக் கொட்டகைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கு அப்பா வேண்டியவர். கொட்டகையில் கட்டியிருந்த வெள்ளைத் திரையைத் தைத்துக் கொடுத்தவரே அப்பாதான். அகலத் துணிகளை ஒட்டுத் தெரியாமல் சேர்த்துத் தைக்க அவர் பட்ட பாட்டை அம்மா அடிக்கடி சொல்வாள். அப்படியும் நடுவில் ஒரு ஒட்டு தெரியும். எந்த ராஜா வந்தாலும் அவன் மூக்கின் மேல் ஒரு கோடு விழும்.

கொட்டகைக்காரர் ஒரு போஸ்டரை விரித்தார். "மேஸ்திரி, பிரான்சுல இருந்து படம் வந்திருக்கு. பேசுற படம். இந்தப் பொண்ணு மாரி ஒரு பாப்பாவ வேஷம் கட்டி வண்டியில உக்கார வெச்சு ஊர் சுத்தி வரணும். உங்க மகதான் புஸ்தகம்லாம் படிக்குதாமே."

நான் எட்டிப் பார்த்தேன். ரோஸ் நிறத்தில் ஒரு முகம், மஞ்சள் முடி. பக்கத்தில் ஒரு கழுதை. கழுதையை எனக்கு அடையாளம் தெரிந்தது.

"இது அவ இல்ல" என்றேன்.

"அவதாம்மா. பேர் போட்டிருக்கு, படிச்சுப் பாரு."

படித்தேன். அவள் பேர்தான். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆனால் வண்டியில் உட்கார்ந்தால் முதல் ஆட்டத்துக்கு பெஞ்சில் இடம் என்று அவர் சொன்னார். நாலாவது புத்தகமும் படத்தில் உண்டா என்று கேட்டேன். எல்லாம் உண்டு, கதை முடிகிற வரைக்கும் உண்டு என்றார். சரி என்றேன்.

அப்பா அவ்வளவு சந்தோஷமாகத் தைத்து நான் பார்த்ததில்லை. மஞ்சள் துணியில் பாவாடை, கழுத்தில் வெள்ளை மடிப்பு. போஸ்டரில் அவள் போட்டிருந்த மரச் செருப்புக்குச் சாமியார்கள் போடும் பாதக்குறட்டை வாங்கி, மேலே துணி வைத்து ஆணி அடித்தார். முடிக்குச் சணல் நாரைச் சீவி, மஞ்சளில் தோய்த்துக் கொடியில் காயப்போட்டார். கொடியில் ஒரு தலை தொங்குவதுபோல இருந்தது. கைக்குழந்தையாக இருந்த என் தம்பி அதைப் பார்த்து வீரிட்டான். அவன்தான் பயந்தவன். அது யாருக்கும் ஞாபகம் இல்லை.

வண்டி தமிழ்த் தெருக்களில் மட்டும் போவதாகத்தான் ஏற்பாடு. அப்பாதான் கொட்டகைக்காரரிடம் கெஞ்சினார். "வாய்க்காலுக்கு அந்தாண்டையும் ஒரு சுத்து போவலாம் முதலாளி. மதாம்லாம் பாக்கட்டும். என் கை வேலைய அவங்க பின்வாசல்லயே பாத்திருக்காங்க. ஒரு நாளாவது தெருவுல பாக்கட்டும்." அப்போது அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அன்று காலையில் கூத்துக்காரர்கள் பூசும் முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து என் முகத்திலும் கழுத்திலும் கையிலும் பூசினார்கள். கன்னத்தில் குங்குமம். அம்மா கண்ணாடியைக் காட்டினாள். "மாதா சுரூபம் மாரி இருக்கா" என்று சொல்லித் திருஷ்டி கழித்தாள். கண்ணாடியில் இருந்தவளை எனக்குத் தெரியவில்லை. காதுக்குப் பின்னால் மட்டும் பூச விட்டுப்போயிருந்தது. அங்கே நான் இருந்தேன்.

வண்டிக்கு முன்னால் பேண்டும் டமாரமும். ஒருவர் நோட்டீசை விசிறிக்கொண்டே போனார். எங்கள் தெருக்களில் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு கூட ஓடி வந்தார்கள். அது எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் தெரு அமைதியாகிவிட்டது. டமாரச் சத்தம் மதில்களில் மோதித் திரும்பி வந்தது. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. சணல் முடிக்குள் தலை அரித்தது. நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி, வெள்ளையைக் கோடு கோடாக அறுத்துக்கொண்டு கீழே போனது. கையால் துடைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

ஒரு மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்தது அப்பாவின் பெரிய வாடிக்கையான மதாம். பக்கத்தில் இன்னும் சிலர். ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்து, அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினாள். அப்பா வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்தவர், நின்று, தலைப்பாகையை எடுத்துக் குனிந்து வணங்கினார். அவருடைய முகமெல்லாம் பல்.

அந்த மதாம் இறங்கி வந்தார். நல்ல மனுஷிதான், கிறிஸ்மஸுக்கு எனக்கு மிட்டாய் கொடுத்தவர். வண்டிக்குப் பக்கத்தில் வந்து, என் கன்னத்தை ஒரு விரலால் மெதுவாகத் தொட்டார். பிறகு அந்த விரலைப் பார்த்தார். அப்புறம் என் கன்னத்தில் விரல் பட்ட இடத்தைப் பார்த்தார். "பாவம் குழந்தை" என்று பிரெஞ்சில் சொன்னார். கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டார்.

"என்னாம்மா சொன்னாங்க?" என்றார் அப்பா.

"நல்லா இருக்குன்னாங்கப்பா."

அவர் வழியெல்லாம் அதைப் பேண்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு வண்டியின் பலகைக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. என் நிறம் என்று ஒன்று இருக்கிறது, அதன்மேல் வேறொன்றைப் பூசிக்கொண்டு நான் தெருவில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அந்த விரலைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் கொட்டகை. முன்னால் மணலில் சின்னப் பிள்ளைகள், பின்னால் பெஞ்சில் நாங்கள். படம் முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போதும் வாசலில் நிற்க வேண்டும் என்பதால் வேஷத்தைக் கலைக்கவில்லை. சணல் முடியை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். விளக்கு அணைந்ததும்தான் மூச்சே வந்தது.

படத்தில் நாலு புத்தகத்தையும் போட்டுக் கலக்கியிருந்தார்கள். கழுதை காற்றிலும் பேசியது. கீழ்க்காற்றின் வீடு வந்தபோது நான் கைக்குட்டையைத் தேடினேன். அவள் முகத்தின் நடுவே அப்பாவின் ஒட்டுக்கோடு விழுந்துகொண்டே இருந்தது. அப்பா குனிந்து குனிந்து கேட்டார். "இப்ப என்னா சொல்றா? அந்தக் கெழவன் யாரு?" நான் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்து பெஞ்சுக்காரர்களும் காதைக் கொடுத்தார்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கும் எல்லாம் மறந்திருந்தது.

பிறகு இரவுக்காற்றின் வேலைக்காரர்கள் வந்தார்கள். புகை இல்லை. மனிதர்கள். உடம்பெல்லாம் கரி பூசிய மனிதர்கள், இடுப்பில் ஒரு துணி, உதட்டைச் சுற்றி வெள்ளை. குரங்குபோலத் தாவிக் குதித்து அவளைப் பிடிக்க வந்தார்கள். என் புத்தகத்தில் அவளைப் பொத்தித் தூக்கிப் போனவர்கள் அவர்கள்தான். திரையில் அவள் கையை உதறிக்கொண்டு கத்தினாள்.

"என்னாம்மா சொல்றா?" என்றார் அப்பா.

நான் மடியில் இருந்த சணல் நாரைத் திருகினேன்.

"பாப்பா, என்னா சொல்றா?"

"ஒண்ணுமில்லப்பா."

அவள் மறுபடியும் கத்தினாள். தொடாதே, கறுப்பு, அழுக்கு. அப்பாவுக்கு என் தயவு வேண்டியிருக்கவில்லை. எல்லா நிறங்களின் பேரும் அவருக்குத் தெரியும். அழுக்கும் தெரியும். அவர் மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தார். மணலில் இருந்த பையன் ஒருவன் திரையைக் காட்டி, திரும்பி என்னைக் காட்டி, பக்கத்தில் இருந்தவன் காதில் ஏதோ சொன்னான். வேர்வையில் பாதி வெள்ளை போய், பாதி இருந்த முகம் எனக்கு. முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

அப்பா என் கையைப் பிடித்தார். "எழுந்திரு."

"இன்னும் முடியலப்பா. அவ வீட்டுக்குப் போறாளான்னு பாக்கணும்."

"எழுந்திரு பாப்பா."

வெளியே கொட்டகைத் தகரத்துக்குப் பின்னால் சோடா விற்பவரின் வாளி இருந்தது. அப்பா வேட்டி நுனியை நனைத்து என் முகத்தைத் தேய்த்தார். எண்ணெயில் குழைத்தது, தண்ணீருக்குப் போகவில்லை. அழுத்தித் தேய்த்தார். வலித்தது. தகரத்துக்கு உள்ளே பாட்டு உயர்ந்தது, கழுதை கத்தியது, எல்லோரும் கைதட்டினார்கள். கதை முடிந்துகொண்டிருந்தது. அப்பா தேய்ப்பதை நிறுத்திவிட்டு, அதே வேட்டி நுனியால் தன் கண்ணையும் முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

"அம்மா கேட்டா நீ பயந்துட்டேன்னு சொல்லிடறேன்" என்றார். "நீயும் அப்படியே சொல்லு."

"நான் பயப்படலியே."

"அப்பாவுக்காகச் சொல்லு."

வீடு வரைக்கும் நடந்தோம். அவர் கன்னத்திலும் மூக்கிலும் முத்துவெள்ளை ஒட்டியிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. தெருவில் எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள். சொல்லலாமா என்று நினைத்தேன், அவர் பின்னாலேயே நடந்தேன். அவர் அப்படியே கடைத்தெருவைத் தாண்டினார், கோயில் வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார், வீட்டுக்குள் வந்தார். அம்மாதான் முதலில் சிரித்தாள். "நீங்களும் வேஷம் கட்டினீங்களா? ஏன் அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"பாப்பா பயந்துடுச்சு" என்றார் அப்பா.

அன்றைக்கு எனக்கு ஒட்டிய பயந்தாங்கொள்ளிப் பட்டம் இன்றுவரை போகவில்லை. என் வேலைக்கு உத்தரவு வந்த அன்றுகூட அப்பா விருந்தாளிகளிடம் அதைச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போது அவர் என் பக்கம் பார்க்க மாட்டார்.

அந்த மதாம் அடுத்த வாரமே கவுன் தைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். அப்பா விரும்பியது நடந்துவிட்டது. அதையும் தைத்து முடித்தார். மஞ்சள் பாவாடை என்ன ஆனது என்று தெரியாது. சணல் முடியை மட்டும் ஒரு நாள் பார்த்தேன், அம்மா அதில் முருங்கைக்காயைக் கட்டி வைத்திருந்தாள். கொட்டகைத் திரை கிழிந்தபோது ஆள் வந்தது. உடம்பு சரியில்லை என்று அப்பா சொல்லியனுப்பினார்.

பள்ளிக்கூடத்தில் மேர் ஒன்றும் திட்டவில்லை. "சினிமா வண்டியில போனியாமே" என்று மட்டும் கேட்டார். எனக்கு ஒரு போன் புவேன்தான் பாக்கி என்று சொன்னேனே, அதுவும் பிறகு கிடைத்தது. நான் பீரோ பக்கம் போகவில்லை. கண்ணாடிக்குள் அந்தச் சிவப்பு அட்டையைப் பார்த்தாலே அவள் கையை உதறுவது தெரிந்தது. என்னைத்தான் அவள் உதறினாள் என்று தோன்றியது. புத்தகம் எழுதினவர் அப்படி எழுதவில்லை, படம் எடுத்தவர்கள்தான் செய்தார்கள் என்று பிரித்துப் பார்க்கும் வயது அது இல்லை. அந்த வயது வந்தபோது கூச்சம் கெட்டிப்பட்டுப் போயிருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கதையை எத்தனை தடவை எடுத்துவிட்டார்கள். கலரில் வந்தது, பொம்மைப் படமாக வந்தது, டிவியில் தொடராகவும் வந்தது. நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நான் எதற்கும் போகவில்லை. அப்பா காலமாகி ரொம்ப நாள் கழித்து, என் தம்பி மகள் ஒரு வீடியோ கேசட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரவுக்காற்றின் வேலைக்காரர்கள் வந்தார்கள். இதில் யாரும் கரி பூசியிருக்கவில்லை, நிஜமாகவே புகை. அவளைப் பொத்தித் தூக்கினார்கள். ஆனாலும் நான் எழுந்துவிட்டேன். சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன்.

"அத்தை பயந்துட்டாங்க" என்று அவள் கூடத்திலிருந்து சிரித்தாள். "தாத்தா சொன்னது நெசந்தான்."

படம் முடிந்ததும் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"முடிஞ்சிடுச்சு அத்தை. இனிமே வரலாம்."

"வீட்டுக்கு வந்துட்டாளா?"

"வந்துட்டா. அவங்கப்பா ஆலை வாசல்லயே நிக்கிறாரு. மூஞ்சி பூரா மாவு, வெள்ள வெளேர்னு. இவளுக்கு யாருன்னே தெரியல. அப்புறம் கிட்டப் போயி, பாவாட நுனியால தொடச்சு வுடறா. அவ்ளோதான் கதை."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் எட்டி அணைத்தாள்.

"இதுக்குப் போயா அன்னிக்கு அப்படிப் பயந்தீங்க?"

"ஆமா" என்றேன். "ரொம்பப் பயந்துட்டேன்."